பிரித்த காலுறை: நூல், கண்ணி, முழுமை பற்றிய ஒரு விசாரம்

இந்தியத் தத்துவ நூல்களில் குடத்துக்கு அடுத்தபடியாக மிகுதியாக எடுத்தாளப்பட்ட உவமை ஆடையாகவே இருக்கும். நூலிலிருந்து ஆடை வருகிறது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. வந்தபின் அந்த ஆடை நூலைக் காட்டிலும் வேறான புதியதொரு பொருளா, அல்லது நூலே வேறொரு கோலத்தில் நிற்கிறதா என்ற இடத்தில்தான் நியாயரும் வைசேடிகரும் ஒரு பக்கமும், சாங்கியரும் வேதாந்திகளும் சைவ சித்தாந்திகளும் மறு பக்கமும், இரு பக்கத்தையும் மறுத்த பௌத்தர் வேறொரு பக்கமுமாகப் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். ஆடைக்கும் நூலுக்கும் உள்ள உறவு தெளிந்தால் உலகுக்கும் அதன் முதற்காரணத்துக்கும் உள்ள உறவும் தெளியும் என்று கருதப்பட்டமையால், நெசவாளியின் வீட்டில் கிடந்த ஒரு சாதாரணப் பொருள் இவ்வளவு பெரிய சுமையைத் தாங்க நேர்ந்தது. ஆயினும் இவர்கள் மனத்தில் இருந்தது தறியில் நெய்த துணி. அதாவது, நீளவாட்டில் கட்டிய பாவு நூல்களும் குறுக்கே ஓடும் ஊடு நூலும் சேர்ந்து உண்டாகும் துணி. ஊசியால் பின்னும் காலுறை அவ்வாறு உண்டாவதில்லை. அதில் உள்ளது ஒரே நூல். அந்த நூல் தன்னைத் தானே வளைத்து, தன் வளையத்துக்குள் தானே நுழைந்து ஒரு காலின் வடிவத்தை அடைகிறது. கடைசி வளையத்தை விடுவித்து நுனியைப் பிடித்து இழுத்தால் வெட்டுண்ணாமல், முடிச்சு விழாமல், முழு நூலாகவே திரும்பி வந்துவிடுகிறது. பழைய வாதத்துக்குள் இந்தப் பொருளைக் கொண்டுவந்தால் சில விடைகள் உறுதிப்படுகின்றன, சில ஆட்டம் காண்கின்றன.

காலுறை என்று இங்கே குறிக்கப்படுவது பேச்சுவழக்கில் சாக்ஸ் எனப்படுவதே. அதைப் பற்றிய விசாரத்தைப் போர்ட் கொச்சியிலும் அதை ஒட்டிய மட்டாஞ்சேரியிலும் நிறுத்திப் பார்ப்பது முதற்பார்வைக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆண்டு முழுவதும் புழுக்கமும் உப்புக்காற்றும் நிறைந்த அந்தக் கடற்கரையில் கம்பளிக் காலுறைக்கு வேலையே இல்லை. கோயிலுக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் வெறுங்காலோடு நுழையும் வழக்கம் அங்கே அவ்வளவு ஆழமாக ஊன்றியிருப்பதால், உலகின் பிற பகுதிகளில் பாதணியோடு தொழும் யூதர்கள்கூட, 1568இல் எழுந்த பரதேசி சினகாக் எனப்படும் தங்கள் தொழுகைக்கூடத்தில் பாதணியைக் கழற்றிவிட்டு, சீனாவிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள் பதித்த தரையில் வெறும் பாதத்தோடு நடந்தனர். ஆனால் காலுறைக்கு அன்றாடத் தேவை இல்லாத இந்த ஊரிலும் அதன் அண்டையிலும்தான் அதைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய மூன்று மரபுகள் நெருங்கி நிற்கின்றன: ஆதிசங்கரரின் பிறப்பிடமாகப் போற்றப்படும் காலடி இதே எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ளது; நெய்வதையும் பிரிப்பதையும் ஓய்வுநாள் சட்டத்தின் கீழ் வகைப்படுத்திய யூத மரபு மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் வாழ்ந்தது; காலுறையில் எவ்வளவு ஓட்டை விழுந்தால் அது காலுறை ஆகாது என்று துல்லியமாக வாதிட்ட இஸ்லாமியச் சட்ட மரபுகளில் இரண்டு, அடுத்தடுத்த தெருக்களில் இன்றும் வாழ்கின்றன.

தத்துவத்துக்குள் செல்லுமுன் பொருளின் அமைப்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். உவமையின் அமைப்பை அறியாமல் உவமை சொன்னவர்கள் செய்த பிழைகள் ஏராளம். வயது வந்தவரின் காலுக்கு மெல்லிய நூலில் பின்னுவோர் பெரும்பாலும் 60 முதல் 72 வரை கண்ணிகளை ஊசியில் ஏற்றித் தொடங்குவர். கண்ணி என்பது ஊசியின்மீது நிற்கும் ஒரு வளையம். 64 கண்ணி என்று வைத்துக்கொண்டால், இரு முனையும் கூராக உள்ள, 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஐந்து ஊசிகளில் நான்கின்மீது பதினாறு பதினாறாக அவை பங்கிடப்படும். ஐந்தாவது ஊசி வேலை செய்யும் ஊசி. அது ஒவ்வொரு பழைய கண்ணிக்குள்ளும் நுழைந்து நூலைப் பிடித்துப் புதிய வளையம் ஒன்றை வெளியே இழுக்கும். பழைய கண்ணி ஊசியிலிருந்து நழுவி, புதியதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு கீழே நிற்கும். நூலைப் பின்னால் வைத்து இழுத்தால் ஒரு முகம், முன்னால் வைத்து இழுத்தால் மறுமுகம். பின்னல் கற்பிப்போர் நிட், பர்ல் என்று சொல்வது இந்த இரண்டைத்தான். காலுறையின் மேல்விளிம்பிலிருந்து கணுக்கால் வரை இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டு போவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை, பொறுமை போதும்.

குதிகாலில்தான் வேலையின் தன்மை மாறுகிறது. அதுவரை குழாயாக வந்த பின்னலில் பாதிக் கண்ணிகளை, அதாவது 32ஐ மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு சிறு மடல் உண்டாக்கி, பிறகு வரிசை முடியுமுன்பே பாதி வழியில் திரும்பிவிட வேண்டும். முடியாத வரிசையில் திரும்புவது கற்பவரின் அறிவுக்குத் தவறாகவே படும். எழுதிய குறிப்பை நம்பித் திரும்பித் திரும்பிப் பின்னினால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்ணி குறைந்து, தட்டையாக இருந்த துணி தானாகவே கிண்ணம்போல் குழிந்து குதிகாலுக்கு இடம் கொடுக்கும். குறிப்பைப் படிப்பதால் இது புரிவதில்லை. செய்து முடித்தபின் குறிப்புப் புரிகிறது. அதன்பின் மடலின் இரு ஓரங்களிலும் கண்ணிகளைப் பொறுக்கி எடுத்து, மெல்லக் குறைத்து, மறுபடி 64க்கு வந்து, பாதத்தைச் சுற்றிப் பின்னி, விரல் முனையில் மேலும் குறைத்து, எஞ்சிய கண்ணிகளைத் தையல் ஊசியால் ஒன்றோடொன்று கோத்தால் காலுறை முடியும்.

தொடக்கநிலையாளர் இந்தப் பாதையில் ஒரே மூச்சில் போவதில்லை. ஏற்றிய கண்ணிகளை வட்டமாகச் சேர்க்கும்போது விளிம்பு ஒரு முறை முறுக்கிக்கொண்டால், நான்கைந்து சுற்றுகள் ஓடிய பிறகே அது கண்ணில் படும். பிரிப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழுள்ள கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து ஏணிபோலக் கோடு விழும். பனியன் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கோடு தெரியும், பனியன் துணியும் பின்னல் துணியே. பயத்தில் நூலை இறுக்கிப் பிடிப்பதால் குதிகால் நுழையாத காலுறை உருவாகும். ஆகவே கற்றல் என்பதில் பெரும்பகுதி பிரித்தலே. அந்தப் பிரித்தலில் ஓர் ஒழுங்கும் உண்டு: பின்னிய முறைக்கு நேர் எதிர் முறையில், கடைசியில் வந்த கண்ணி முதலில் போகும்படிதான் நூல் எளிதாக வெளிவரும், தொடங்கிய விளிம்பிலிருந்து இழுத்தால் அது சிக்குமே தவிர அவிழாது. படைப்பு நிகழ்ந்த முறைக்கு மாறான முறையிலேயே ஒடுக்கம் நிகழும் என்று பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்வதும், தத்துவங்கள் தோன்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் தத்தம் காரணத்தில் ஒடுங்கும் என்று சித்தாந்தம் சொல்வதும் இந்த இடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. தறித்துணியில் இந்த ஒழுங்கு கட்டாயமில்லை. அதன் எந்த ஓரத்திலிருந்தும் ஓர் இழையை உருவிவிடலாம்.

முறுக்கிய தொடக்கத்தைப் பிரித்துவிட்டு நூலுருண்டையை மடியில் வைத்திருக்கும் ஒருவர் முன் நிற்கும் கேள்வி இது: சற்று முன்பு இருந்த பத்துச் சுற்றுக் காலுறை எங்கே போயிற்று?

வைசேடிகர் அளிக்கும் விடை உறுதியானது. அவர்கள் கொள்கைக்கு அசற்காரியவாதம் என்று பெயர். காரியம், அதாவது உண்டான பொருள், உண்டாவதற்கு முன் காரணத்தில் இல்லை, புதிதாகவே பிறக்கிறது என்பது அதன் பொருள். உறுப்புகள் சேர்ந்தபோது அவற்றில் பிரிவின்றித் தங்குவதாக ஒரு முழுப்பொருள் தோன்றுகிறது. உறுப்பு அவயவம், முழுப்பொருள் அவயவி, இரண்டையும் இணைக்கும் பிரிவற்ற உறவு சமவாயம். நூல்கள் ஒன்றோடொன்று கொள்ளும் சேர்க்கை அழிந்தால் அவயவியும் அழிகிறது. ஆகவே பிரித்த காலுறை எங்கும் போகவில்லை, அழிந்துவிட்டது. இந்தக் கொள்கைக்கு அவர்கள் தந்த காரணங்களில் ஒன்று எண்ணிக்கை: நூல்கள் பல, ஆடை ஒன்று, பலவும் ஒன்றும் எப்படி ஒரே பொருளாகும்? தறித்துணிக்கு இது வலுவான கேள்வி. காலுறையிலோ நூலும் ஒன்று, உறையும் ஒன்று. எண்ணிக்கை வாதம் அங்கே கைநழுவிவிடுகிறது. எடை பற்றி எதிர்வாதிகள் கேட்ட கேள்வியும் கூர்மையடைகிறது: புதுப்பொருள் ஒன்று உண்மையிலேயே கூடியிருந்தால் 40 கிராம் நூலில் பின்னிய காலுறை 40 கிராமுக்குமேல் சற்றாவது நிறுக்க வேண்டுமே, ஏன் நிறுப்பதில்லை? ஆனால் பயன் பற்றிய வாதத்தைக் காலுறை அசைப்பதில்லை. உருண்டையாகக் கிடக்கும் நூலால் காலைப் பொதிய முடியாது, காலுறையால் முடியும். செயல் வேறாயின் பொருளும் வேறு என்று அவர்கள் சொல்வதைச் சிரித்துத் தள்ள இயலாது.

எதிர்த்தரப்புக்குச் சற்காரியவாதம் என்று பெயர். காரியம் காரணத்திலேயே முன்பே உள்ளது, வெளிப்படாமல் இருந்தது வெளிப்படுகிறது என்பது அதன் சாரம். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதற்பாதத்தில் ஆடையைச் சான்றாகக் காட்டும் 19ஆம் சூத்திரத்துக்கு உரை வகுத்த சங்கரர், சுருட்டி வைத்த துணியையும் விரித்த துணியையும் எடுத்துக்காட்டுகிறார். சுருட்டி இருக்கும்போது அது துணியா வேறெதுவுமா என்றுகூடத் தெளிவதில்லை. விரித்தபோது நீளமும் அகலமும் தெரிகின்றன. அதனால் அது வேறு துணி ஆகிவிடுவதில்லை. நூல் நிலையில் ஆடை அப்படிச் சுருண்டிருக்கிறது, தறியும் நாடாவும் நெசவாளியும் அதை விரிக்கின்றனர். முழுதாகத் திரும்பி வரும் ஒற்றை நூல் இந்தக் கொள்கைக்கு வாய்த்த நல்ல சாட்சி. ஒரு வகையில் தறித்துணியைவிடவும் நல்ல சாட்சி. எனினும் இங்கே ஓர் இடறல் இருக்கிறது. அதே உருண்டையிலிருந்து தொப்பி வரலாம், கையுறை வரலாம், குழந்தையின் சட்டை வரலாம்; இவை அனைத்தும் நூலில் ஏற்கெனவே சுருண்டுள்ளன என்று சொல்வது, எதையும் குறிப்பாகச் சொல்லாததற்குச் சமம் ஆகிவிடக்கூடும்.

சைவ சித்தாந்த உரைமரபு இந்த இடத்தில் செய்யும் ஒரு வேறுபாடு மற்ற விவாதங்களைவிடப் பயனுள்ளது. காரணம் காரியமாவதை அது ஒரே வகையாகக் கொள்வதில்லை. துணியைக் கட்டிக் கூடாரமாக்குவதுபோல, பொருள் தன் தன்மை கெடாமல் வேறு கோலம் கொள்வது விருத்தி. பால் தயிராவதுபோல, திரும்ப முடியாதபடி மாறுவது பரிணாமம். கூடாரத்தை அவிழ்த்தால் துணி கிடைக்கும். தயிரைப் பாலாக்க முடியாது. பின்னல் காலுறை முதல்வகைக்கு இலக்கணம்போல் அமைந்தது என்று தோன்றும். ஆனால் ஒரே காலுறை இரண்டு வகைக்கும் உட்படக்கூடும் என்பதைச் சலவை காட்டிக்கொடுக்கிறது. போர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபிகானாவில், டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் சீருடைகளை வெளுக்கக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார்களின் வழிவந்தோர் இன்றும் துணிகளைக் கல்லில் அறைந்து துவைக்கின்றனர். பருத்தி அந்த அடியைத் தாங்கும். கம்பளிக் காலுறையை வெந்நீரில் நனைத்து அவ்வாறு அடித்தால், ஆட்டுமயிரின் மேற்பரப்பில் உள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்து நமுதாகிவிடும். அதன்பின் எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் நூல் வராது. விருத்தியாக இருந்தது பரிணாமமாகிவிட்டது. எனவே திரும்பும் தன்மை நூலின் உள்ளியல்பு என்றோ காலுறையின் உள்ளியல்பு என்றோ வரையறுத்துவிட முடியாது.

தொன்மையான காலுறைகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. எகிப்தின் மணலில் கிடைத்து இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, பெருவிரலைத் தனியே பிரித்த, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட கம்பளிக் காலுறைகள் பார்வைக்குப் பின்னல் போலவே இருக்கும். ஆனால் அவை காதுள்ள ஒற்றை ஊசியில் சிறு நீளமாகக் கோத்த நூலை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் முழுவதுமாக இழுத்து உண்டாக்கியவை; நூல் முடியும்போதெல்லாம் புது நூல் ஒட்டப்பட்டது; ஆகவே அவை இழுத்தால் அவிழாதவை. கண்ணுக்கு ஒரே வடிவம், காலுக்கு ஒரே பயன், நூலோடு கொண்ட உறவு மட்டும் வேறு. முழுமை என்பது பெயர் மாத்திரம் என்று கொண்ட பௌத்தர், மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதுபோல, கண்ணி காலுறையா, குதிகால் காலுறையா என்று அடுக்கிக் கேட்டு இரண்டையும் ஒரே பெயரில் கரைத்துவிடலாம். பிரித்துப் பார்க்கும் விரலுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. பௌத்த விடையின் அழகை மறுப்பதற்கில்லை; இந்த ஒரு வேறுபாட்டுக்கு அதில் இடம் குறைவு என்பதே குறை.

இந்தக் கேள்வி வாதமேடையை விட்டுக் காலடிக்கு இறங்கும் இடம் சட்டம். இஸ்லாத்தில் தொழுகைக்கு முன் செய்யும் உளூ எனும் உடல்தூய்மையில் பாதங்களைக் கழுவ வேண்டும். உரிய காலுறை அணிந்திருப்பவர் அதைக் கழற்றாமல் ஈரக்கையால் மேலே தடவிக்கொள்ளலாம், இதற்கு மஸ்ஹு என்று பெயர். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று நாள் இந்தச் சலுகை. மூலத்தில் இது தோலுறைக்கு உரியது. பின்னல் காலுறைக்கும் பொருந்துமா என்பதில், அது தடித்ததாக, நீர் உடனே ஊறாததாக, அதை அணிந்தே நடக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை அறிஞர்கள் வைத்தனர். நமது கேள்விக்கு நேராக வருவது ஓட்டை பற்றிய விதி. கழுவவேண்டிய பகுதியில் பாதம் தெரியும்படி ஓட்டை இருந்தால் சலுகை இல்லை என்பது ஷாஃபி மரபு. காலின் சிறு விரல்கள் மூன்றின் அளவுக்குக் குறைந்த ஓட்டையைப் பொறுத்துக்கொள்வது ஹனஃபி மரபு. மட்டாஞ்சேரியில் கட்ச்சிலிருந்து வந்த மேமன்கள் ஹனஃபிகள்; மாப்பிளைமாரும், காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் நைனா குடும்பத்தினரும் ஷாஃபிகள். ஆக ஒரு கண்ணி நழுவி ஏணிக்கோடு விழுந்த தடித்த காலுறை ஒரு தெருவில் காலுறையாகவும் அடுத்த தெருவில் காலுறை அல்லாததாகவும் ஆகக்கூடும். இதை முரண்பாடு என்று நகைப்பது எளிது. உண்மையில் ஷாஃபி மரபு முழுமை என்பதைக் குறையின்மையாகக் கொள்கிறது, ஹனஃபி மரபு பயன் நிலைத்திருப்பதாகக் கொள்கிறது. சேர்க்கை, பயன் என வைசேடிகர் பேசிய இரண்டு அளவுகோல்களுக்கு இவை மிகத் தொலைவில் இல்லை. ஹனஃபி நூல்கள் இன்னும் ஒரு படி செல்கின்றன: ஒரே உறையில் உள்ள சிறு ஓட்டைகளைக் கூட்டிக் கணக்கிட வேண்டும், இரண்டு உறைகளிலும் உள்ளவற்றைச் சேர்த்துக் கூட்டக்கூடாது, ஆனால் ஒரு காலின் உறை கழன்றுவிட்டால் இரண்டு கால்களுக்குமே சலுகை போய்விடும். ஓட்டைக்குத் தனித்தனி முழுமை, கழலுதலுக்கு இணை முழுதும் ஒன்று. பொருள் எத்தனை என்பது, அதனிடம் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதைச் சார்ந்தது என்ற நுட்பம் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லப்பட்ட இடங்கள் குறைவு.

யூதச் சட்டம் வேறொரு முனையைத் தொடுகிறது. கம்பளியும் ஆளி நாரும் கலந்த உடையை யூத மறையான தோரா விலக்குகிறது. ஷாத்நேஸ் எனப்படும் இந்த விலக்கில் அளவு பார்ப்பதில்லை, கம்பளிக் காலுறையில் ஆளிநூல் ஓர் இழை பின்னப்பட்டிருந்தாலும் முழுக் காலுறையும் அணியத்தகாததாகும், அந்த இழையை நீக்கினால் தக்கதாகும். அதைவிட முக்கியமானது சப்பாத்து எனும் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளின் பட்டியல். மிஷ்னா எனும் தொகுப்பு எண்ணும் 39 வேலைகளில் மயிர் கத்தரிப்பதில் தொடங்கும் 13 வேலைகள் நூலையும் துணியையும் பற்றியவை. பின்னலைப் பொதுவாக நெய்தலின் கிளையாகக் கொள்வர். வியப்புக்குரியது, நெய்வதற்குப் பக்கத்திலேயே இரண்டு இழைகளைப் பிரிப்பதும், முடிச்சிடுவதற்குப் பக்கத்திலேயே அவிழ்ப்பதும், தைப்பதற்குப் பக்கத்திலேயே தைக்கும் பொருட்டுக் கிழிப்பதும் தனித்தனி வேலைகளாக நிற்பது. அழித்தல் தன்னளவில் வேலை ஆவதில்லை. ஆக்கத்தை நோக்கிய அழித்தல் வேலையாகிறது. முறுக்கிய தொடக்கத்தைப் பிரிக்கும் கற்பவர் வீண்பொழுது போக்குவதாக நினைக்கலாம். அந்தப் பட்டியல் அவரை வேலை செய்துகொண்டிருப்பவராகவே எண்ணும். இந்த விதிகள் யூதத் தெருவில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தொழுகையில் அணியும் சிறு தொப்பிகளையும் சப்பாத்து ரொட்டியை மூடும் துணிகளையும் தம் கைவேலையால் அலங்கரித்து விற்ற சாரா கோகன், வாரத்தில் ஆறு நாள் ஊசியையும் ஏழாம் நாள் ஊசியின்மையையும் அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர். 2019 ஆகஸ்டில் தமது 96ஆம் வயதில் அவர் மறைந்த பிறகும், முதுமையில் அவருக்குத் துணையாயிருந்த தாஹா இப்ராஹிம் என்ற இஸ்லாமியரின் பொறுப்பில் அந்தக் கடை தொடர்ந்தது. சாராவுடையது துணியின்மேல் செய்யும் பூவேலை. அதில் தவறான தையலைப் பிரித்தாலும் அடித்துணி எஞ்சும். காலுறையில் அடித்துணி என்று ஒன்று இல்லை.

துணி எஞ்சாத இடத்தில் வேறு எதுவும் எஞ்சுவதில்லையா? சற்காரியவாதி முழு நூல் எஞ்சுகிறது என்பார், வைசேடிகர் உறுப்புகள் எஞ்சுகின்றன என்பார். இருவரும் கவனிக்கத் தவறக்கூடிய ஒன்றைப் பிரித்த கம்பளி நூலைக் கையில் எடுத்தவர் உடனே காண்பார்: அது நேராக இருப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியும் இருந்த இடத்தில் ஒரு நெளிவு. நூல் முழுவதும் அலையலையாகச் சுருண்டு, எத்தனை கண்ணிகள் இருந்தன என்று எண்ணிச் சொல்லலாம் என்னும் அளவுக்குக் காலுறையின் சுவடு பதிந்திருக்கும். உடனே அதைக் கொண்டு மறுபடி பின்னினால் கண்ணிகள் ஒழுங்கின்றி அமையும்; ஆகவே நூலைச் சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்து, அடியில் சிறு எடை கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவர். பலமுறை பிரித்தால் இழை பிசிறி மெலிந்தும் போகும். திரும்பி வந்தது போன நூலே. ஆனால் போனபடியே அது வரவில்லை.

இந்தச் சுவட்டுக்கு வைசேடிகத்திலேயே ஒரு பெயர் காத்திருக்கிறது. பொருள்களின் குணங்களுள் ஒன்றாக அவர்கள் எண்ணும் சம்ஸ்காரம் மூன்று வகை: எய்த அம்பைத் தொடர்ந்து ஓடச் செய்யும் வேகம், அனுபவத்தால் ஆன்மாவில் பதிந்து பின்னர் நினைவை எழுப்பும் பாவனை, வளைத்த பொருளைப் பழைய நிலைக்கே மீளச் செய்யும் ஸ்திதிஸ்தாபகம், அதாவது மீள்திறன். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றித் தொடக்க மாணவர்கள் இன்றும் படிக்கும் தர்க்கசங்கிரகம் இந்த மூன்றாவதற்கு உறைவிடமாகப் பாய் போன்றவற்றைச் சொல்கிறது. சுருட்டி வைத்த பாயை விரித்துப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. பாயின் சுருளையும் மனத்தின் நினைவையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்தது வகைப்படுத்துவோரின் வசதிக்காக மட்டும் என்று புதிய வாசகர்கள் கருதக்கூடும். கற்பவரின் மடியில் அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்பதால், அவ்வகைப்பாடு எண்ணியதைவிடக் கூரியது என்றே கொள்ளத் தோன்றுகிறது. நூலில் நெளிவு பதிகிறது. கையில் பழக்கம் பதிகிறது. பிரித்த பத்துச் சுற்றுகள் காலுறையாக எங்கும் இல்லை; எனினும் இரண்டு இடங்களில் சம்ஸ்காரமாக உள்ளன. ஒன்றுமே நிகழாத நூலுருண்டையும் ஒருமுறை காலுறையாகிப் பிரிந்த நூலுருண்டையும் எடையில் ஒன்று, நீளத்தில் ஒன்று, நிலையில் வேறு. முழுமை வெறும் பெயராக இருந்திருந்தால் இத்தகைய வடுவை விட்டுச் சென்றிராது. தனிப்பொருளாக இருந்திருந்தால் எடையில் தெரிந்திருக்கும். அது ஓர் ஒழுங்கு, அந்த ஒழுங்குக்குப் பொருளை மாற்றும் வலிமை உண்டு என்ற அளவோடு நிற்பதே பாதுகாப்பானது.

தமிழில் நூல் என்ற சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பதை இங்கே மறக்க முடியாது. நன்னூலின் பொதுப்பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவன் மதியைக் கதிராகவும் உருவகித்து அப்பெயருக்குக் காரணம் காட்டுகிறது. அது நூற்பதோடு நின்றுவிடுகிறது. நூற்றதைப் பிரித்து மறுபடி கோக்கும் வேலை அந்த உருவகத்தில் இல்லை. எழுதுவோர் யாரும் அந்த வேலையிலிருந்து தப்பியதில்லை என்பது வேறு கதை.

மாற்றத்தின் வேறொரு வகையை ஆங்கில இலக்கியம் ஒரு காலுறையை வைத்தே கேலிசெய்தது. 1741இல் வெளியான மார்ட்டினஸ் ஸ்கிரிப்ளெரஸின் நினைவுக்குறிப்புகள் என்ற அங்கத நூலில், சர் ஜான் கட்லரின் கம்பளிக் காலுறைகளை அவர் பணிப்பெண் பட்டுநூலால் இழையோட்டி இழையோட்டி, இறுதியில் அவை பட்டுக் காலுறைகளாகிவிட்டன; அவை அதே காலுறைகளா என்பது கேள்வி. போர்ட் கொச்சி அதைக் கல்லில் கேட்கிறது: 1503இல் போர்த்துகீசியர் தொடங்கிய பிரான்சிஸ் தேவாலயம் 1663க்குப் பின் டச்சுச் சீர்திருத்தச் சபையின் கைக்கும், 1804இல் ஆங்கிலிக்கன் சபையின் கைக்கும், பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் கைக்கும் மாறியது, 1524இல் அங்கே அடக்கம் செய்யப்பட்ட வாஸ்கோ ட காமாவின் எச்சங்கள் போர்த்துகலுக்குப் போய்விட்டன, கல்லறை மட்டும் அங்கேயே உள்ளது. கட்லரின் காலுறையில் பொருள் மாறி ஒழுங்கு நின்றது. பிரித்த காலுறையில் ஒழுங்கு போய்ப் பொருள் நின்றது. இரண்டையும் ஒரே சூத்திரத்தால் தீர்க்க முயன்றவர்கள் பெரும்பாலும் ஒன்றை மறந்தே தீர்த்திருக்கின்றனர்.

இனி இரண்டாவது காலுறை. காலுறை இணையாகவே பயன்படுவதால், ஒன்றை முடித்த தொடக்கநிலையாளர் அதே உருண்டையில், அதே ஊசியில், அதே 64 கண்ணிகளை ஏற்றி மறுபடி தொடங்க வேண்டும். குறிப்பு அதே, எண்கள் அதே. முடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் முதலாவது சற்றுச் சிறிதாகவும் இறுக்கமாகவும், இரண்டாவது சற்றுத் தளர்ந்தும் இருக்கும். முதலாவதைப் பின்னும்போது அஞ்சிய விரல், அதைப் பின்னியதால் பழகி, இரண்டாவதில் நூலைத் தளரவிட்டிருக்கிறது. முதல் காலுறை இவ்வாறு இரண்டாவதற்குள் இருக்கிறது. நூலின் வழியாக வராமல், பின்னிய கையில் பதிந்த பாவனையின் வழியாக வந்து இருக்கிறது. இரண்டையும் ஈரப்படுத்தி, ஒரே அளவுள்ள கால்வடிவப் பலகைகளில் இழுத்து மாட்டி உலரவிட்டால் வேறுபாடு பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு விரலகலத்துக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணிப் பார்ப்பவருக்கு மட்டும், எது முதலில் பின்னியது என்பது தெரியும்.